மேகக் காட்டில் மாப்பிள்ளை பார்த்த வகையில்

பெருமதிப்பிற்குரிய அக்காவுக்கு,

உன் உடன்பிறந்த தம்பி வணங்கி எழுதுவது. இங்கே நானும் வீட்டில் இவளும் மகளும் உன் ஆசியால் சௌக்கியமாக இருக்கிறோம். என் இடது முழங்கால் மட்டும் சௌக்கியமாக இல்லை, அதன் விவரம் கீழே வருகிறது. அத்தானுக்குச் சர்க்கரை குறைந்திருக்கும் என்றும் உனக்கு என்மேல் உள்ள கோபம் குறைந்திருக்கும் என்றும் நம்புகிறேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். என் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் பின்னால்தான் எங்கள் வீடு, நடுவில் இருப்பது வெறும் பலகைத் தடுப்பு என்பது உனக்குத் தெரியும். நான் போனில் பேசுவது அந்தப் பக்கம் கேட்பதில்லை. நீ பேசுவது கேட்கிறது. போன வாரம் நீ “அந்தக் காட்டானுக்கா நம்ம பொண்ணு?” என்று கேட்டாய் அல்லவா, அன்று இரவும் மறுநாள் பகலும் எனக்கு வந்த சாப்பாட்டில் உப்பே இல்லை. ஆகவே கடிதம்.

நீ இட்ட வேலையை முடித்துவிட்டேன். அத்தானும் கூடவே இருந்து படிக்க வேண்டும் என்பதால் விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன். மலைமேல் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கும் நம் மகள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேகக் காட்டைப் பார்க்கப் போனாள். அங்கே வருகிறவர்களை நடத்திக் கூட்டிப்போய்ப் பறவை, விலங்கு காட்டுகிற கைடு ஒருவரைப் பார்த்தாள். பிறகு பிள்ளைகளைக் கூட்டிக்கொள்ளாமலும் போய்ப் பார்த்திருக்கிறாள். இப்போது கட்டினால் அவரைத்தான் கட்டுவேன் என்று அம்மாவிடம் சொல்ல, அம்மா அதை எனக்குச் சாப்பாட்டோடு சேர்த்துப் பரிமாற, நான் உனக்குப் போன் செய்தேன். அத்தானின் ஒன்றுவிட்ட அண்ணன் மகன், கப்பலில் இன்ஜினியர், நம் பதிலுக்காக அவர்கள் காத்திருக்கிறார்கள் என்று நீ சொன்னாய். நீ யார் என்று காட்டிக்கொள்ளாமல் போய் அந்தக் கைடைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துவிட்டு வா, நீ வேண்டாம் என்றால் நான் கப்பல் வீட்டாருக்குச் சரி சொல்லிவிடுகிறேன், நீ சரி என்றால் நான் வாயே திறக்க மாட்டேன் என்றாய். பிறந்ததிலிருந்து நீ வாயே திறக்க மாட்டேன் என்று சொல்லி நான் கேட்டதில்லை. என் ஒரு சொல்லில் மகளின் வாழ்க்கை நிற்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வீட்டில் இவளிடம் மூக்குக்கண்ணாடி பிரேம் கண்காட்சிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். மாப்பிள்ளை பார்க்கப் போகிறோம் என்ற நினைப்பு மனதை விட்டு அகலாததால், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, பாலிஷ் போட்ட ஷூ, கழுத்துக்குக் கொஞ்சம் சென்ட், சட்டைப்பையில் பேனா என்று கிளம்பிவிட்டேன். காட்டு வாசலில் இறங்கியபோது மற்றவர்கள் எல்லாம் இலை நிறத்திலும் மண் நிறத்திலும் நிற்கிறார்கள். என்னைத் தவிர வந்திருந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் முழங்கை நீளத்துக்குக் குழாய் வைத்த கேமராவைக் கழுத்தில் மாட்டியிருந்தார். மற்ற இருவரும் புதிதாகக் கல்யாணமானவர்கள். அன்று முழுக்க அவர்கள் ஒருவரையொருவர் தவிர வேறு எந்த உயிரினத்தையும் பார்த்ததாகத் தெரியவில்லை.

கைடு வந்தார். ஆள் உயரம், நல்ல தோள், பேச்சு மெதுவாகத்தான். உடையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, அழுக்கும் இல்லை, பகட்டும் இல்லை. எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு, என் அருகே வந்ததும் தயங்கினார். வாசனை அடித்தால் விலங்குகள் முன்கூட்டியே நகர்ந்துவிடும், தப்பாக நினைக்காமல் கழுத்தை மட்டும் கொஞ்சம் கழுவிக்கொள்ள முடியுமா என்று என் காதருகில் கேட்டார். மற்றவர்களுக்குக் கேட்காதபடிதான் கேட்டார், அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் மாமனார் ஆகக்கூடிய ஒருவரைப் பார்த்த முதல் நிமிடத்தில் கழுத்தைக் கழுவச் சொன்ன ஆள் என்பதையும் சொல்லியாக வேண்டும். குழாயடியில் கழுவினேன். சட்டைக் காலர் நனைந்ததுதான் மிச்சம், சென்ட் போகவில்லை. கடையில் அதை விற்றவன் நாள் முழுக்க நிற்கும் என்று சொன்னது உண்மைதான்.

பிறகு எங்களுக்கு ஆளுக்கொரு பைனாகுலர் கொடுத்தார்கள், காட்டு ஆபீஸில் வாடகைக்கு வைத்திருப்பவை. நான் கண்ணில் வைத்துப் பார்த்தேன். உள்ளே இருக்கும் கண்ணாடிகள் எப்போதோ கீழே விழுந்து இடம் மாறியிருக்கின்றன. ஒரு கண்ணுக்கு ஒரு காடும் மற்ற கண்ணுக்கு வேறொரு காடும் தெரிந்தது. இதை வைத்துக்கொண்டு நடந்தால் தலைவலியோடு வாந்தியும் வரும் என்று தொழில்காரன் முறையில் சொன்னேன். கைடு மறுபேச்சில்லாமல் தன் கழுத்தில் தொங்கிய சொந்தப் பைனாகுலரைக் கழற்றி என் கழுத்தில் போட்டார். எனக்குப் பழகிய காடுதான், நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நல்ல பொருள் அக்கா, துடைத்துப் பளிச்சென்று வைத்திருந்தார். ஆனால் அதில் ஒரு சங்கதி இருந்தது. என் கண்ணுக்கு மரம் தெளிவாக வர, நடுவிலுள்ள சக்கரத்தை நான் ரொம்பத் தூரம் திருப்ப வேண்டியிருந்தது. ஒவ்வொருவரும் தத்தம் கண்ணுக்கு ஏற்றபடிதான் அந்தச் சக்கரத்தை வைப்பார்கள். அவர் வைத்திருந்த இடம் நல்ல கண்ணுக்கு வைக்கிற இடமாக இல்லை. மனதில் லேசாக ஏதோ தட்டியது, சரி, யாராவது திருப்பியிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

நடந்தோம். மேகக் காடு என்றால் என்னவென்று உனக்குத் தெரியாது, எனக்கும் அன்றுவரை தெரியாது. மழை பெய்வதில்லை, ஆனால் எல்லாம் நனைந்திருக்கிறது. மேகமே மரத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அடிமரம் கிளை எல்லாவற்றின்மேலும் பாசி, பாசியின்மேல் பெரணி, பெரணியின்மேல் சின்னச் சின்னப் பூக்கள், இலை நுனியெல்லாம் சொட்டு. இதில் என் மூக்குக்கண்ணாடி பட்ட பாடு சொல்லி முடியாது. துடைக்கிறேன், மறுபடி புகைகிறது, துடைக்கிறேன், புகைகிறது. இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் பார்வை கொடுத்த கண்ணாடிக் கடைக்காரன் அந்தக் காட்டில் முன்னால் போனவரின் முதுகைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். மேகம் கொஞ்சம் விலகும்போதெல்லாம் நீ சொன்னபடி கைடைக் கவனித்தேன். கேமராக்காரர் என்னைத் தொட்டு, பறவை அந்தப் பக்கம் சார், நீங்கள் கைடையே பைனாகுலரில் பார்க்கிறீர்களே என்றார். கைடு கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றிருந்தார். நான் அவர் காதுக்குப் பின்னால் அட்டை இருக்கிறதா என்று பார்த்ததாகச் சொல்லிச் சமாளித்தேன். உடனே எல்லோரும் தங்கள் காதுகளைத் தடவினார்கள். அட்டை என் காதில்தான் இருந்தது.

ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன். காது விஷயத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. சட்டென்று கையைத் தூக்குவார், நாங்கள் நிற்போம், தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு ஒரு மரத்தைக் காட்டுவார். அங்கே நிஜமாகவே சிவந்த வயிறுள்ள ஒரு பறவை அசையாமல் உட்கார்ந்திருக்கும். எனக்கு உடம்பு சிலிர்த்தது, மூக்குக்கண்ணாடி அந்த ஒரு கணம் புகையாமல் இருந்தது. ஆனால் சத்தம் போடாத எதையும் அவர் காட்டவில்லை. கேமராக்காரர் பாதை ஓரத்தில் ஒரு பச்சைப் பாம்பைக் கண்டுபிடித்துக் கூப்பிட்டபோது, கைடு கிட்டே போய், குனிந்து, முகத்தை ரொம்பப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்த பிறகுதான் விஷமில்லாதது என்றார். விஷமுள்ளதாக இருந்திருந்தால் அதைச் சொல்வதற்கு அவர் இருந்திருக்க மாட்டார்.

கொஞ்ச தூரம் போனதும் நின்று, வலது பக்கம் உயரத்தில் ஒரு கிளையைக் காட்டி, குரங்கு, தாயும் குட்டியும், இந்த நேரத்துக்கு வழக்கமாக அங்கேதான் இருக்கும் என்றார். கேமரா கடகடவென்று ஓடியது. புதுப்பெண் குட்டி அம்மாவைக் கட்டிக்கொண்டிருப்பதைப் பார் என்று புருஷனிடம் சொல்லி உருகினாள். நான் அவருடைய பைனாகுலரில் பார்த்தேன். அது பாசி. பாசியும் காய்ந்த பெரணியும் சேர்ந்த ஒரு கொத்து. தாயும் இல்லை, குட்டியும் இல்லை. நான் திரும்பிக் கைடின் முகத்தைப் பார்த்தேன். அக்கா, இரண்டு கண்ணையும் சுருக்கிக்கொண்டு நின்றார். அந்தச் சுருக்கலை நான் தினமும் பார்க்கிறவன். என் கடை நாற்காலியில் உட்கார்ந்து, சார்ட்டில் எழுத்து தெரியவில்லை என்று ஒத்துக்கொள்ள வெட்கப்படுகிறவர்கள் எல்லாம் அப்படித்தான் சுருக்குவார்கள்.

அதற்குள் அவரே மரத்தடி வரைக்கும் போய் அண்ணாந்து பார்த்தார். திரும்பி வந்து, தப்பு, அது குரங்கு இல்லை, பாசி, மன்னித்துவிடுங்கள் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். கேமராக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. என்னிடம் படமே இருக்கிறது, குட்டியின் வாலே தெரிகிறது, நீங்கள் ஏன் சார் தன்னடக்கமாகப் பேசுகிறீர்கள் என்று கைடைச் சண்டைக்கு இழுத்தார். அந்தப் படத்தை இப்போது அவர் வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பார், வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பாசியின் தாய்ப்பாசத்தைக் காட்டிக்கொண்டிருப்பார்.

இதற்குப் பிறகு நடந்ததை நீ உட்கார்ந்துகொண்டு படி. மேகம் திடீரென்று கெட்டியாகிவிட்டது. பாதையின் இடது பக்கம் சரிவு. என் கண்ணாடியில் உள்ளே ஒரு புகை, வெளியே ஒரு புகை. கழற்றித் துடைக்கலாம் என்று ஒதுங்கினேன். ஒதுங்கிய இடத்தில் தரை இல்லை. பாலிஷ் போட்ட ஷூ வழுக்கியது, பெரணிகளுக்கு நடுவே சறுக்கிக்கொண்டு போய், ஒரு வேரில் முழங்கால் இடித்து, அதே வேரைக் கட்டிக்கொண்டு தொங்கினேன். கண்ணாடி எங்கே போனது என்று தெரியவில்லை. மேலேயும் வெள்ளை, கீழேயும் வெள்ளை. இப்படியே போனால் இவள் என்னைப் பிரேம் கண்காட்சியில் தேடுவாளே என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம் மகள் நினைப்பு வந்தது. அவளுக்குச் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லாமலே போய்விடுவேனோ என்று நெஞ்சு பதைத்தது. மேலே எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். பிறகு கைடின் குரல் எல்லோரையும் வாயை மூடச் சொன்னது. அது அதுவரை பேசிய மெதுவான குரல் இல்லை.

“சார், கத்தாதீங்க. சாதாரணமா பேசிக்கிட்டே இருங்க. என்ன வேணாலும் பேசுங்க” என்றார்.

அந்த நேரத்தில் என்ன பேசுவது என்று தெரியாமல், கடையில் தினமும் சொல்வதையே சொன்னேன். இது தெளிவா, அது தெளிவா, முதல் லென்ஸ் நல்லா இருக்கா, ரெண்டாவது நல்லா இருக்கா என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வேரைப் பிடித்திருந்தேன். வயிற்றால் தவழ்ந்து இறங்கி வந்த ஒரு கை, தடுமாறாமல், தேடாமல், நேராக என் மணிக்கட்டைப் பிடித்தது. என்னை மேலே இழுத்துப்போட்டு, என் சட்டைப் பித்தான்களில் சிக்கியிருந்த முள்ளை எடுத்துவிட்டு, முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். என் முகம் முழுக்கச் சேறு. வழியில் புதுப்பெண் என் கண்ணாடியை ஒரு பெரணியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அதுதான் அன்றைக்கு அந்தப் பெண் தானாகக் கண்டுபிடித்த ஒரே வஸ்து.

மேகம் விலகும்வரை பாதை ஓரத்துத் தகரக் கொட்டகையில் உட்கார வைத்தார்கள். மற்ற மூவரும் கேமராவில் எடுத்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நானும் கைடும் ஒரு ஓரத்தில் தனியாக இருந்தோம். கொட்டகையின் அந்தக் கோடியில் புதிதாக ஒரு அறிவிப்புப் பலகை மாட்டியிருந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று சாதாரணமாகக் கேட்டேன். கண்ணைச் சுருக்கினார். தீ மூட்டக் கூடாது என்று எழுதியிருக்கிறது என்றார். அதில் கழிப்பறைக்கு வழி என்று எழுதியிருந்தது. நான் என் கண்ணாடியைத் துடைத்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டார்.

தூரத்தில் தெரியாது சார் என்று அவராகவே சொன்னார். சின்ன வயதில் யாரும் கவனிக்கவில்லையாம். வேலைக்கு வந்த பிறகு வெளியே சொல்லப் பயம், ஏனென்றால் மூக்குக்கண்ணாடி போட்ட கைடு எதைக் காட்டப் போகிறான் என்று வருகிறவர்கள் சிரிப்பார்கள், ஆபீஸில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். காதையும் பைனாகுலரையும் வைத்தே காலம் தள்ளுகிறாராம். அந்தப் பைனாகுலர் அப்போது என் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது அக்கா. ஆளின் கண்ணைக் கழற்றி நான் மாட்டிக்கொண்டு, அவருக்குக் குரங்கு தெரியவில்லை என்று குறை பிடித்திருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நான் வந்த வேலை இருக்கிறதே, விடவில்லை. கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டேன். பேச்சு நடக்கிறது என்றார். முகத்தில் ஒரு வெட்கம் வந்தது.

“அந்தப் பொண்ணுகிட்ட இதைச் சொல்லியாச்சா?” என்று கேட்டேன்.

தகரத்தின்மேல் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

“இல்ல சார். அவங்க அப்பா கண்ணாடிக் கடை வெச்சிருக்காரு. கண்ணைப் பத்தித் தெரிஞ்ச குடும்பம். சொன்னா விட்டுடுவாங்களோன்னு பயம்” என்றார்.

அந்த அப்பா அங்கேயே சேறும் அட்டைக் கடியுமாக உட்கார்ந்திருக்கிறான் என்று அவருக்குத் தெரியாது. காப்பாற்றிய கையைப் பிடித்துக்கொள்வதா, மகளிடம் மறைத்ததற்குச் சட்டையைப் பிடிப்பதா என்று தெரியவில்லை. ஒன்றும் செய்யாமல் திரும்பி வந்துவிட்டேன். பைனாகுலரைத் திருப்பிக் கொடுக்கும்போது சக்கரத்தை அவர் வைத்திருந்த இடத்துக்கே திருப்பி வைத்துக் கொடுத்தேன்.

வந்ததிலிருந்து யோசித்துவிட்டேன். என் உயிரைக் காப்பாற்றியவர் என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் இது எனக்கு உயிர் கொடுத்தவருக்கு நன்றி சொல்லுகிற விஷயம் இல்லை, என் பெண்ணை ஒப்படைக்கிற விஷயம். சரிவும் மேகமுமான இடத்தில், தூரத்தில் வருவது எது என்று தெரியாத ஒருவரோடு அவள் குடும்பம் நடத்த வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது. அதைவிடப் பெரிய பயம், கட்டிக்கொள்ளப் போகிறவளிடமே மறைத்தது. பவரைக் கண்ணாடி சரி செய்துவிடும், மறைக்கிற குணத்துக்கு என் கடையில் லென்ஸ் இல்லை. இவள் இதைக் கேட்டால் உப்பை நிறுத்துவாள், மகள் பேச்சையே நிறுத்துவாள். இருந்தாலும் தகப்பன் என்று ஒருவன் இருப்பது எதற்கு? என் பதில் வேண்டாம் என்பதுதான். கப்பல் வீட்டாருக்கு நீ சரி சொல்லிவிடலாம். மகளிடம் எப்படிச் சொல்வது என்பதை மட்டும் நீயே வந்து சொல்லிவிடு, எனக்கு அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை.

அத்தானுக்கு என் வணக்கங்கள். மாத்திரையை வேளை தவறாமல் போடச் சொல். நீயும் மூட்டு வலியோடு மாடிப்படி ஏறாதே. நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடும், நல்ல பார்வையோடும் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உன் பாசமுள்ள தம்பி.

பின்குறிப்பு: மேலே எழுதியதைத் தபாலில் சேர்க்குமுன் ஒரு காரியம் நடந்துவிட்டது. இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை, அதனால் அப்படியே அனுப்புகிறேன். நீ மேலே உள்ளதைப் படிக்காதது போலவே நினைத்துக்கொள். இன்று காலை கடை திறந்த கொஞ்ச நேரத்தில் மகள் வந்தாள். கூட அவர். இவர் ஸ்கூலுக்குத் தெரிஞ்சவர்ப்பா, கண் டெஸ்ட் பண்ணணும் என்றாள், ஒன்றுமே தெரியாதவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. நானும் ஒன்றுமே தெரியாதவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். மலையில் அவர் கடைசியாகப் பார்த்தது சேறு பூசிய முகத்தை, இப்போது நான் சவரம் செய்து சுத்தமாக இருக்கிறேன் என்று ஒரு தைரியம். நாற்காலியில் உட்கார வைத்தேன், விளக்கை அணைத்தேன், எதிரில் மேல் வரிசையில் இருக்கும் எழுத்து தெரிகிறதா என்று கேட்டேன்.

“எழுத்து தெரியல சார். ஆனா உங்க குரல் தெரியுது. முழங்கால் தேவலையா?” என்றார்.

எந்த முழங்கால் என்று மகள் கேட்டாள். கண்காட்சியில் வழுக்கி விழுந்தாராம் என்று தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து இவள் சொன்னாள். குட்டு உடைந்துவிட்டது. நான் இருட்டிலேயே கொஞ்ச நேரம் நின்றேன், விளக்கைப் போடத் துணிவில்லை. கடைசியில் மகள்தான் போட்டாள். அவள் திட்டவில்லை. நான் மலைக்குப் போன அன்றைக்குச் சாயங்காலமே அவர் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். மலையில் ஒரு பெரியவர் கேட்ட கேள்வியைத் தாங்க முடியவில்லை என்றாராம். அவள், இதற்கா இத்தனை நாள் பயந்தீர்கள், எங்கப்பாவிடம் வாருங்கள், அவரைவிட நன்றாகக் கண் பார்க்கிறவர் இந்தப் பக்கத்தில் கிடையாது என்று கையோடு கூட்டி வந்திருக்கிறாள். அக்கா, இந்த வார்த்தையை அவள் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

டெஸ்ட் செய்தேன். இரண்டு கண்ணும் மைனஸ் இரண்டரை. லென்ஸ் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிற டிரையல் பிரேம் உனக்குத் தெரியும், அதை மாட்டினால் எப்பேர்ப்பட்ட அழகனும் கோமாளி ஆகிவிடுவான். அதோடு எழுந்து வாசலுக்குப் போகச் சொன்னேன். எதிர்ச்சாரியில் நிற்கும் மரத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். இலையெல்லாம் தனித்தனியாக இருக்கு சார் என்றார். எத்தனையோ பேர் என் கடை வாசலில் நின்று இதைச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் காட்டிலேயே வேலை பார்க்கிற ஒருவர் சொல்லிக் கேட்டபோது எனக்குத் தாங்கவில்லை.

பிறகு கடைக்குள் திரும்பினார். மகள் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அவர் அவளைப் பார்த்த பார்வை, பழகிய முகத்தைப் பார்க்கிற பார்வையாக இல்லை. எனக்கு உடனே கணக்குப் புரிந்தது. மைனஸ் இரண்டரை என்றால் ஒரு முகம் தெளிவாகத் தெரிவதற்கு ஒரு முழத்துக்குள் வந்தாக வேண்டும். இத்தனை மாதப் பழக்கத்தில் அவர் அவளிடம் அவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை. நீ என்னை எதற்காக மலைக்கு அனுப்பினாயோ அந்தப் பதில் இதைவிடத் தெளிவாகக் கிடைக்காது. மகளும் கண்ணாடிக் கடைக்காரன் பெண்தானே, அவளுக்கும் கணக்குப் புரிந்துவிட்டது. அவள் குரலில் நான் இதுவரை கேட்காத ஒரு பயம் இருந்தது.

“என்ன, ஏமாத்தமா இருக்கா?” என்று கேட்டாள்.

“இல்ல. குரல் மாதிரியே இருக்கீங்க” என்றார்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. நான் சரி சொல்லிவிட்டேன், அக்கா.